இரண்டாவது ஆள்

சாப்பாட்டுப் பார்சலை அவர் தனியாக இருந்து பிரித்து நான் கண்டதில்லை. பார்சலை மேசையில் வைத்துவிட்டு, யாராவது பக்கத்தில் வந்து உட்காரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழைநாளில் சோறு ஆறிக் கட்டியாகிவிடும். "பசிக்கேல்லையே உங்களுக்கு?" என்று கேட்டால், "பசிக்குதுங்க மிஸ். நீங்க ஒக்காருங்க" என்பார். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிற நாளில் இது பெரிய கரைச்சல். ஒரு மனுசன் சோறு தின்ன நான் காவல் இருக்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கதிரையை இழுத்துப் போடுவேன்.

கண்டியில், பேராதனை வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பாமசி என்கிற மருந்துக் கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் பில் போடுகிற கணினி நிரல்கள் செய்து கொடுத்தோம். அவர் எழுதுவார், நான் பிழை பிடிப்பேன். பிழை பிடிப்பது எனக்குச் சம்பளத்துக்கான வேலை மட்டுமல்ல, பிறவிக் குணமும்தான். அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டிக் கண்டிக்கு வந்தவள். ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் அவருக்குச் சிரிப்பு. அவர் மூச்சுக்கு மூச்சு "ங்க" போட்டுப் பேசுவது எனக்குச் சிரிப்பு.

சாப்பாடு மட்டுமல்ல. அலுவலகக் கதவைப் பூட்டினால் யாரையாவது கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வார். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன் ஒரு தடவை என்னை வாசிக்க வைப்பார். அதில் "நாளை வருகிறோம்" என்று ஒரு வரிதான் இருக்கும். எரிச்சலில் ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"ஒத்த ஆளு செஞ்சா அது செஞ்ச மாதிரி இல்லீங்க மிஸ்" என்றார்.

இதுதான் அவருடைய வேதம். எந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்.

யன்னலோரம் இருந்த மேசையில் அவருடைய சொந்தக் கணினி இருந்தது. ஒரு திரை, இரண்டு விசைப்பலகை, இரண்டு மவுஸ். திரையில் சிவப்பாக ஒரு அம்பும் பச்சையாக ஒரு அம்பும் ஓடும். நாங்கள் அதைச் சோடி மிஷின் என்று கேலி செய்வோம். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கைதான், உள்ளே இருந்தது வேடிக்கை இல்லை. கணினி உயிர் பெறுகிற கணத்திலிருந்து அது எதை அனுமதிக்கும், எதை மறுக்கும் என்று தீர்மானிக்கிற அடித்தளம் ஒன்று உண்டு. இயங்குதளம் என்பார்கள். உலகத்தில் யாரோ இலவசமாக விட்டிருந்த ஒன்றை எடுத்து, பாதிக்கு மேல் பிய்த்தெறிந்துவிட்டு, தன் விருப்பப்படி அதைக் கட்டிக்கொண்டிருந்தார். வருடக்கணக்கான வேலை அது.

அதன் சட்டங்கள் கொஞ்சம்தான். எழுதுவது, படம் போடுவது, குரல் பதிவது எல்லாவற்றையும் தனியாகச் செய்யலாம். சேமி என்று சொல்லத் தேவையில்லை, வந்தது அப்படியே இருக்கும். ஒரு பொருள் ஒரே பொருளாகத்தான் இருக்கும், நகல் எடுக்க முடியாது. ஆனால் எதையும் ஒருவர் தனியாக அழிக்க முடியாது. சிவப்புக்காரர் அழி என்றால், பச்சைக்காரரும் தன் பக்கத்திலிருந்து அழி என்று அமுக்க வேண்டும். அதுவரை திரையில் "மற்றவருக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு வரி நிற்கும். இருவரும் அமுக்கினால் அது போனது போனதுதான். எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

"இது என்ன விசர் யோசனை?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

அவர் விறகுக் கட்டைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் அம்மாவோடு விறகுக்குப் போவாராம். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கட்டைத் தலையில் ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பாதையோரம் காத்து நிற்க வேண்டியதுதான். ஆனால் கீழே போடுவதற்கு யாரும் வேண்டாம், கழுத்தை ஒரு சாய்ப்புச் சாய்த்தால் போதும்.

"ஏத்தறதுக்கு ரெண்டு பேரு, போடறதுக்கு ஒத்த ஆளு. அதாங்க இந்த ஒலகம். எங்க லயத்த, வரிசையா இருந்த அத்தன வீட்டையும், ஒடைக்கணும்ன்னு ஒத்த தொர ஒரு கையெழுத்து வச்சாரு, சாயங்காலம் லயம் இல்ல. கட்டுனப்ப எத்தன பேரு கல்லு சொமந்தாங்க? அதான் நான் மாத்தி வச்சேன். சேக்குறது லேசு, அழிக்கிறது கஷ்டம்."

உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அவர் அக்குறணைக்காரர், நல்ல மனிதர், வியாபாரி. இரண்டு விசைப்பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது ஆள் லீவு எடுத்தா என்ன செய்றது?" என்று கேட்டார்.

"லீவு முடியிற வரைக்கும் பொறுக்கணுங்க."

"கஸ்டமர் பொறுப்பானா? அவன் ஒரு பட்டன்ல வேலை முடியணும்னு காசு தாறான். நீங்க வேலை முடியாம இருக்க வழி கண்டுபிடிச்சிருக்கிறீங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிழை பிடிக்கிறவள் என்ற முறையில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். "அவசரமெண்டால் என்ன செய்யிறது?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அழிக்கிறதுல என்னாங்க மிஸ் அவசரம்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. தன்னுடையதைப் பிறர் அழித்துப் போட்டதை மட்டுமே கண்டு வளர்ந்த மனிதர் அவர். ஒருவருக்குத் தன் கையாலேயே எதையாவது சட்டென்று இல்லாமலாக்க வேண்டி வரும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

கணினியின் இரண்டாவது ஆள் அவருடைய மனைவி. வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். அவளுடைய கைபேசியில் இவர் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார், தன்னுடையதிலும் போட்டிருந்தார். அவள் அங்கே பேசிப் பதிகிற குரலும் எடுக்கிற படமும் இந்த மேசைக்கு வந்து சேரும். இவர் சிவப்பு, அவள் பச்சை. இரண்டாவது விசைப்பலகை அவள் திரும்பி வந்த பிறகு தட்டுவதற்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்களுடைய நேரம். முதலாளி ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டில் சாப்பிட்டு மெதுவாகத்தான் வருவார். அங்கேயும் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போகிற நேரமாம். அந்த வாரத்தில் சேர்ந்த குப்பைகளை இருவரும் ஒன்றாக அழிப்பார்கள். தெளிவில்லாத படங்கள், கை தவறிப் பதிவான ஓசைகள் இப்படி ஏதாவது. "ஏங்க, இருக்கீங்களா? ஒன்னு, ரெண்டு சொல்லுங்க" என்று அவள் குரல் கேட்கும். இவர் எண்ணுவார். இருவரும் அமுக்குவார்கள். அங்கே ஒரு சிரிப்பு, இங்கே ஒரு சிரிப்பு. அழிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெண் கையை ஆட்டிப் படம் எடுக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். நான் பக்கத்து மேசையில் காதைப் பொத்திக்கொண்டிருப்பதாக நடிப்பேன். கல்யாணமாகிப் பத்து வருடமான எனக்கு அந்தச் சிரிப்பில் பொறாமை இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

அவள் போன இரண்டாவது வருடத்தில் அந்தக் குரல் மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் எண்ணச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பதிந்த ஒன்றை அழிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பதிவில் அவள் அழுதிருந்தாள். வேறொன்றும் இல்லை, வெறும் அழுகை. இவர் அமுக்க மறுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அது அவவின்ர குரல்தானே. அவ அழிக்கச் சொன்னால் அழிச்சு விடுங்கோவன்."

"நாளைக்கு யாரு மிஸ் நம்புவா? இல்லவே இல்லன்னு சொல்லிருவாங்க. அவ அழுதது இருக்கணும்."

அதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. அதற்குப் பிறகு வந்த பதிவுகளில் அந்த வீட்டு எஜமானியின் குரல் இருந்தது. அரபியில் கத்துவாள், ஏதோ விழுந்து உடையும், பிறகு இவளுடைய மூச்சு மட்டும் கேட்கும். கைபேசியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பதிந்திருக்கிறாள். பதியச் சொன்னது இவர்தான். சாப்பாடு ஒழுங்காகத் தருவதில்லை, கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருக்கிறார்கள், ஒப்பந்தக் காலம் முடிந்தும் அனுப்பவில்லை. அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அப்போது அவருடைய மூளையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியான முறைப்பாடுகளைப் பார்க்கிற அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். தனியாக அவர் எங்கே போவார்? பதிவுகள் இருப்பதாகச் சொன்னதும் அங்கிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிவுகளையும் விவாகப் பத்திரத்தின் மூலப் பிரதியையும் கொண்டு வாருங்கள், தூதரகத்துக்கு அனுப்பி ஆளை எடுக்கலாம் என்றார்.

விவாகப் பத்திரம் தெல்தோட்டையில் வீட்டு அலுமாரியில் இருந்தது. அன்றே கிளம்பினார். பஸ் நிலையம்வரை நான் போனேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சம் கண்டேன்.

கலஹா என்ற ஊரைத் தாண்டினால் அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போகும். அன்று மழை வேறு. அந்த நேரத்தில்தான் அங்கே எஜமானி கைபேசியைக் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், இதெல்லாம் பல மாதங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று இவள் பதிவதைக் கண்டு சொல்லிவிட்டதாம். இவள் குளியலறைக்குள் நின்று எல்லாப் பதிவுகளையும் தெரிவுசெய்து அழி என்று அமுக்கியிருக்கிறாள். "மற்றவருக்காகக் காத்திருக்கிறது" என்று வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறாள். திரும்பத் திரும்ப அதே வரி. கைபேசியைத் தரையில் அடித்திருக்கலாம், செயலியையே எடுத்து எறிந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். கதவுக்கு வெளியே ஒருத்தி கத்திக்கொண்டு நிற்கும்போது, கணவன் கற்றுக் கொடுத்த வழியைத் தவிர வேறெது ஞாபகம் வரும்? கதவு திறந்தது. எஜமானி தன் குரலைத் தானே கேட்டாள்.

தெல்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவருடைய கைபேசி துடித்திருக்கிறது. அவளுடைய வேண்டுகோள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கிடந்தது. அவள் இன்னும் குளியலறைக்குள் காத்து நிற்கிறாள் என்றே இவர் நினைத்தார். யாரையும் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடை வாசலில் மழையில் நின்றபடியே அமுக்கினார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். உடுப்பு இன்னும் ஈரம்.

"நான் அமுக்கிட்டேங்க மிஸ்."

"என்னத்தை?"

"அவ கேட்டா. அமுக்கிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எழுந்து போய் அந்தத் திரையைப் பார்த்தேன். ஒரு பதிவும் இல்லை. அழுகை இல்லை, கத்தல் இல்லை. வெள்ளிக்கிழமைச் சிரிப்பும் இல்லை, அவசரத்தில் அவள் எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிவுசெய்திருந்தாள். எஜமானி கேட்கக் கூடாததைக் கேட்ட பிறகு, முறைப்பாட்டு அலுவலகத்து அம்மா கேட்க வேண்டியது போய்விட்டது.

ஒரு கிழமை முழுக்க, இரவல் மூளையெல்லாம் வாங்கி நான் அந்தக் கணினியின் வட்டைத் தோண்டினேன். அவர் எழுதிய நிரல்களில் பிழை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த வேலை. பாமசி நிரலில் தினமும் ஒன்று பிடிப்பேன். இதில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டு தேடினேன். இருவர் சேர்ந்து அழித்தது திரும்பக் கூடாது என்று எழுதியிருந்தார், அப்படியே திரும்பவில்லை. அவர் எழுதியவற்றில் பிழை இல்லாதது அது ஒன்றுதான்.

ஆதாரம் இல்லாமல் விரைவாக ஒன்றும் செய்ய முடியாது என்று முறைப்பாட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். கடிதம் போகும், பதில் வரும் என்றார்கள். அவளுடைய கைபேசி அதன் பிறகு ஒலிக்கவே இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் மாதங்கள் போயின. எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். அதே அளவுக்கு இரக்கமும் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்காருவது பெரிய பாடாக இருந்தது. அவரோ யாரையும் எதற்கும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பார்சலைத் தானே பிரித்து, யன்னலைப் பார்த்து நின்றபடி நாலு வாய் தின்பார். கதவைத் தானே பூட்டிவிட்டுப் போவார். ஒருநாள் நான் வலியப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேலையப் பாருங்க மிஸ்" என்றார், மரியாதையாகத்தான்.

"அந்தச் சட்டத்தை மாத்துங்கோ" என்றேன். "ஆபத்தெண்டால் ஒருத்தரே அழிக்கலாம் எண்டு ஒரு வரி எழுதினால் போதும். இனி வாறவைக்கு உதவும்."

"எழுதலாங்க. ரெண்டு நிமிச வேல." விசைப்பலகையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்த ஒரு வரி மொதல்லயே இருந்திருந்தா நான் என்னா சொல்லிருப்பேன் தெரியுமா? இது மத்தவங்க மிஷின் மாதிரி ஆயிருச்சுன்னு சொல்லிருப்பேன். அவ்வளவு திமிரு மிஸ் எனக்கு."

அந்த வேலையை அவர் விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. வத்தேகமையில் ஒரு கடையில் பழைய கைபேசிகளுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்ததாக முதலாளி ஒரு தடவை சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. போனால் என்ன பேசுவது? கடைசியாக நான் அவரோடு போன இடம் கட்டுநாயக்க விமான நிலையம்.

அவள் எப்படியோ அந்த வீட்டைவிட்டுத் தப்பி, தூதரகத்தார் நடத்துகிற தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அங்கிருந்து மடுல்கெல்லையில் இருக்கிற தன் அண்ணனுக்குத்தான் தொலைபேசி எடுத்தாள். அண்ணன் சொல்லித்தான் இவருக்குச் செய்தி வந்தது. அன்றைக்கு மட்டும் பழைய ஆளாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "மிஸ், ஏர்போட்டுக்கு வாறீங்களா? ஒத்தையா போக ஏலாதுங்க."

பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் ஒரு சொப்பிங் பையை மடியில் வைத்திருந்தார். உள்ளே ஒரு சேலையும் ஒரு சோடிச் செருப்பும். வெறுங்காலோடு தப்பியதாக அண்ணன் சொல்லியிருந்தாராம்.

வாசலில் அண்ணன் ஏற்கெனவே ஒரு வேனோடு நின்றிருந்தார். காலைப் பயணிகள் வந்து முடிந்த பிறகு, கடைசியில் அவள் வந்தாள். குரலை வைத்து நான் நினைத்திருந்த ஆள் இல்லை. நல்ல உயரம், எலும்பும் தோலுமாக இருந்தாள். யாரோ கொடுத்த செருப்பு காலில் இருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. அண்ணன் அழுதார். இவர் அழவில்லை. கிட்டப் போய், பையை நீட்டவும் முடியாமல் ஒளிக்கவும் முடியாமல் நின்றார்.

அவள்தான் பேசினாள். "நான் அமுக்குனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பஸ்ல." பையை மற்றக் கைக்கு மாற்றினார். "கலஹாவத் தாண்டி. சிக்னல் இல்ல. ஒன்னோட வேலையாத்தான் போனேன்."

அவள் தலையாட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்லீங்க" என்றாள். குரல் அதே குரல்தான். "ஆனா இனிமே எதுக்கும் என்னைய ரெண்டாவது ஆளா வைக்காதீங்க."

"சரி" என்றார்.

அண்ணன் அவளை முன்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். இவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். வேன் கண்டிப் பக்கம்தான் போனது. பின்னால் இரண்டு வரிசையும் காலியாக இருந்தன. எங்களை யாரும் ஏறச் சொல்லவில்லை.